199-வது ஆள்: ஒரு ஆவணத் தொடரும் ஒரு போலீஸ் டீமும்

(ஒலி வடிவில் வெளியான பகுதியின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, ஆய் மன்னர்களும் வேணாட்டு ராஜாக்களும் இல்லை. ஆனா வம்சம் உண்டு. ஒரு பந்து டீமோட வம்சம். ரெண்டு டீமுன்னே சொல்லலாம். ஒண்ணு அமெரிக்காவுல, இன்னொண்ணு நம்ம வீட்டுக்குக் கிழக்கும் மேற்கும் பார்த்தா மேற்குப் பக்கம், அதாவது கேரளாவுல.

இந்தப் பகுதி எப்படி வந்ததுன்னா, மழையால வந்தது. 2024 இடவப்பாதி மழை. திற்பரப்புல இருக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த மழை பிடிச்சா அருவிக்குப் பக்கத்துல யாரையும் விடமாட்டாங்க, கோதையாறு செம்மண் கலர்ல போகும், ரப்பர் வெட்டு நின்னு போகும். பட்டை நனைஞ்சா பால் சிரட்டைக்கு வராது, மரத்துலயே பரந்து வீணாகும். அதனால எங்க சித்தப்பா மகன், எனக்கு அண்ணன், ரப்பர் வெட்டுறவர், நாலு நாளா வேலை இல்லாம எங்க வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே டிவியில 'தி டைனஸ்டி: நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்' போட்டிருந்தேன். பத்துப் பகுதி. ஆப்பிள் டிவி பிளஸ்ல 2024 பிப்ரவரியில வந்த தொடர், இயக்குநர் மாத்யூ ஹேமச்செக், ஜெஃப் பெனடிக்ட் எழுதின புத்தகத்தை வச்சு எடுத்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "இது என்ன பந்துகளிலே, கையில பிடிச்சிட்டு ஓடுதானுவ"ன்னார்.

நியாயமான கேள்விதான். பேர் ஃபுட்பால், கால் படுறது எப்பவாவது ஒருதடவை. நான் அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: நம்ம கபடி மாதிரி நிலம் பிடிக்கிற ஆட்டம். நாலு வாய்ப்புக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும், முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு. பந்தை எறியறவன் ஒருத்தன் இருப்பான், குவார்ட்டர்பேக்னு பேர், ஆட்டமே அவன் தலையில. இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்னு அவரே கையைக் காட்டிட்டார்.

கதையையும் சுருக்கமா சொல்லிடறேன். ராபர்ட் கிராஃப்ட்னு ஒரு தொழிலதிபர் 1994-ல 17.2 கோடி டாலர் கொடுத்து அந்த டீமை வாங்கினார். அதுவரைக்கும் ஒரு சாம்பியன் பட்டம்கூட இல்லாத டீம். 2000-ல பில் பெலிசெக்கைக் கோச்சா கொண்டுவந்தார். அதே வருஷம் டாம் பிரேடின்னு ஒரு பையனை எடுத்தாங்க. 2001 செப்டம்பர்ல முதல் குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்சோ அடிபட்டு விழ, பிரேடி உள்ளே வந்தான். அதுக்கப்புறம் ஆறு சூப்பர் பவுல் பட்டம். 2001, 2003, 2004, 2014, 2016, 2018 சீசன்கள். வேறெந்தக் கூட்டணிக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. 2020-ல பிரேடி விலகிப் போனான், 2024 ஜனவரியில பெலிசெக்கும் போனார், அடுத்த மாசம் இந்தத் தொடர் வந்தது.

முதல் பகுதிகளில் அந்த 'டிராஃப்ட்' விஷயம் வருது. கல்லூரியில ஆடின பையன்களை டீம்கள் வரிசையா ஒவ்வொருத்தரா எடுத்துக்கிறது. பிரேடியை எடுத்தது ஆறாவது சுற்றுல, 199-வது ஆளா. அதாவது அவனுக்கு முன்னாடி 198 பேரை எல்லா டீமும் சேர்ந்து இவனைவிட மேல்னு நினைச்சிருக்காங்க. இதை அவமானம்னுதான் படம் காட்டுது, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நானும் அந்தப் பையனுக்காகப் பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தேன். அண்ணன் டிவியைப் பார்த்துக்கிட்டே சொன்னார்:

"நூத்தித் தொண்ணூத்தி ஒம்பதாவதுன்னாலும் லிஸ்ட்ல பேரு உண்டும் பாத்தியா."

இந்த ஒரு வரிதான் இன்னைக்குப் பகுதி. ஆனா அது ஏன் எனக்கு அப்படிச் சுருக்குன்னு பட்டதுங்கறதுக்கு முப்பத்தஞ்சு வருஷம் பின்னால போகணும்.

முதல்ல எல்லைக் கதை. திற்பரப்பை நாஞ்சில் நாடுன்னு சொன்னா நாகர்கோவில்காரங்க சிரிப்பாங்க. வயலும் நெல்லும் உள்ள அகஸ்தீஸ்வரம், தோவாளைதான் நாஞ்சில், நீங்க மலைக்காரங்கன்னு சொல்வாங்க. எங்களுது கல்குளம் தாலுகாவா இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, இந்த நாலும் 1956 நவம்பர் 1-ம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேர்ந்தது. அந்தப் போராட்டத்தைப் பத்தி நாம தனியாப் பேசியிருக்கோம். இன்னைக்கு வேண்டியது வேற: எல்லைக்கோடு மாறுச்சு, ரேடியோ அலை மாறலை. அருமனை தாண்டி பனச்சமூடு போனா கேரளா. மெட்ராஸ் எழுநூறு கிலோமீட்டர். எங்க சாயக்கடை ரேடியோவுல சுத்தமாக் கேட்கிறது ஆகாசவாணி திருவனந்தபுரம்தான். அதனால பந்துகளின்னா எங்களுக்குக் கேரளா டீம். தமிழ்நாட்டு டீம் யார் யார்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது, கேரளாவோட பதினோரு பேரையும் மனப்பாடமாச் சொல்வோம்.

(நம்ம மாவட்டத்துக் கடற்கரை வேற கதை. தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கம் பந்து ஒரு மதம் மாதிரி. மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் எல்லாம் அங்கிருந்து வந்தவங்க. அதுக்கு ஒரு முழுப் பகுதி கடன் இருக்கு, மறக்கலை.)

சந்தோஷ் டிராபி தெரியும் இல்லையா, மாநிலங்களுக்கு இடையிலான போட்டி, 1941-ல தொடங்கினது. கேரளா முதல் தடவை ஜெயிச்சது 1973-ல, எர்ணாகுளத்துல. ரயில்வேயை 3-2. கேப்டன் மணி மூணு கோலும் போட்டார். அந்த டீமுக்குக் கோச் யார் தெரியுமா? சைமன் சுந்தரராஜ். நம்ம தமிழ்நாட்டுக்காரர், 1960 ரோம் ஒலிம்பிக்ல இந்தியாவுக்கு ஆடினவர். கேரளாவோட முதல் பட்டத்துக்குப் பின்னால ஒரு தமிழர் இருந்தார்ங்கறது எங்களுக்கு ஒரு பெரிய பெருமை. சாயக்கடையில மலையாளத்து ஆட்கள் யாராவது வாய் நீட்டினா இதை எடுத்து வீசுவோம்.

ஆனா 73-க்கு அப்புறம் ஒண்ணும் இல்லை. பிறகு 1988-ல இருந்து ஒரு விசித்திரமான வரிசை. அந்த வருஷம் கொல்லத்துல ஃபைனல், பஞ்சாப்கிட்ட பெனால்டியில தோல்வி. 89-ல குவாஹாத்தியில வங்காளத்துக்கிட்ட. 90-ல கோவாவுல கோவாகிட்டயே. 91-ல பாலக்காட்டுல, சொந்த மண்ணுல, மகாராஷ்டிராகிட்ட. நாலு வருஷம், நாலு ஃபைனல், நாலும் தோல்வி. எனக்குப் பன்னிரண்டு வயசுல தொடங்கி பதினஞ்சு வயசு வரைக்கும். ஒரு பையனுக்கு மனசு உடையறதுக்கு அது சரியான வயசு. 92-ல ஜெயிச்சாங்க, 93-ல கொச்சியில மகாராஷ்டிராவை 2-0-ன்னு பழி தீர்த்தாங்க, 94-ல கட்டாக்ல மறுபடி வங்காளத்துக்கிட்ட பெனால்டியில போச்சு. தொடர்ந்து ஏழு ஃபைனல். ரெண்டு பட்டம். கணக்குல பார்த்தா ரெண்டுதான், ஆனா ஏழு வருஷம் ஒரு டீம் கடைசி நாள் வரைக்கும் நிக்குதுன்னா அதை வம்சம்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?

அந்த டீமோட முதுகெலும்பு கேரளா போலீஸ்.

இங்கே கொஞ்சம் நின்னு பேசணும். ஒரு போலீஸ் டீம் நாட்டையே ஆட்டி வைக்கிறது புதுசில்லை. ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950-ல இருந்து 54 வரைக்கும் தொடர்ச்சியா அஞ்சு தடவை ரோவர்ஸ் கோப்பை வாங்கினது. அவங்களோட கோச் சையது அப்துல் ரஹீம், பள்ளிக்கூட வாத்தியார். அவர்தான் பிறகு இந்திய டீமை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனவர்; அந்த ஃபைனல்ல கோல்கீப்பரா நின்னது பீட்டர் தங்கராஜ். அஜய் தேவ்கன் நடிச்ச 'மைதான்' இந்தக் கதைதான், அதுவும் 2024-லதான் வந்தது.

போலீஸ் டீம் ஏன் ஜெயிக்குது? லத்தி பயிற்சியால இல்லை. வேலையால. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன், வீட்டுல அடுப்பு எரியறது சந்தேகம், அவனுக்கு அரசாங்கம் ஒரு நியமன உத்தரவு கொடுக்குது. மாசச் சம்பளம், சீருடை, பின்னால பென்ஷன். அதுக்குப் பதிலா அவன் காலையிலும் சாயங்காலமும் பந்து களிக்கணும். கிளப்புல இருக்கிறவன் அடுத்த சீசன்ல எங்கே இருப்போம்னு தெரியாம ஆடுறான். போலீஸ் டீமுல இருக்கிறவன் பக்கத்துல நிக்கிறவனோட அஞ்சு வருஷம், எட்டு வருஷம் ஒரே பாரக்ஸ்ல தூங்கி எழுந்து ஆடுறான். பக்கத்துல இருக்கிறவன் பந்தை எந்தக் காலால எடுப்பான்னு கண்ணை மூடிச் சொல்வான். பேட்ரியட்ஸ் கதையிலயும் இதுதான் ரகசியம்னு எனக்குத் தோணுது: இருபது வருஷம் ஒரே கோச், ஒரே எறியற கை.

கேரளா போலீஸ் அப்படி 80-களின் நடுவுல சேர்த்த ஆட்கள் பேரைச் சொன்னா என் வயசுக்காரங்களுக்கு இப்பவும் மயிர் கூச்செறியும். கண்ணூர் பக்கம் மேக்குன்னுல இருந்து வி.பி. சத்யன், தடுப்பாட்டக்காரர். திருச்சூர்ல இருந்து ஐ.எம். விஜயனும் சி.வி. பாப்பச்சனும். மலப்புறத்துல இருந்து யு. ஷரஃப் அலி. குரிகேஷ் மாத்யூ. கோல்ல கே.டி. சாக்கோ. விஜயன் சின்னப் பையனா இருந்தப்போ திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்துல ஆட்டம் பார்க்க வர்றவங்களுக்குச் சோடா வித்தவர், ஒரு பாட்டிலுக்குப் பத்துப் பைசா. 1990-ல ஃபெடரேஷன் கோப்பை, நாட்டோட பெரிய கிளப் போட்டி, அதே திருச்சூர்ல நடந்தது. ஃபைனல்ல எதிரி கோவாவோட சல்காவ்கர், முந்தின ரெண்டு வருஷமும் அவங்கதான் சாம்பியன். கேரளா போலீஸ் 2-1-ன்னு ஜெயிச்சது. 1977-ல அந்தக் கோப்பை தொடங்கினதுல இருந்து கேரளாவுல ஒரு டீமும் அதைத் தொட்டதில்லை. அடுத்த வருஷம் கண்ணூர்ல, மகிந்திரா அண்ட் மகிந்திராவை 2-0-ன்னு அடிச்சு மறுபடியும் எடுத்தாங்க.

90 ஃபைனல் அன்னைக்கு எங்க சாயக்கடையில நிக்க இடம் இல்லை. கமென்டரி மலையாளம், பாதி புரியும், மீதியைக் குரலோட ஏத்த இறக்கத்துல புரிஞ்சுக்குவோம். அண்ணன் ரேடியோவுக்குப் பக்கத்துல, காதை ஒட்டி நின்னார். அவருக்கு அப்போ பத்தொன்பது. அவருக்கு அது வெறும் ஆட்டம் இல்லை. ஏன்னா அவரும் களிக்காரர்.

அண்ணனோட ஆட்டத்தைப் பத்தி நான் சொன்னா சொந்தக்காரன் சொல்றான்னு நினைப்பீங்க. குலசேகரம், அருமனை, வெள்ளறடை பக்கம் கொய்த்து முடிஞ்ச வயல்ல நடக்கிற போட்டிகளுக்கு அவரைக் காசு கொடுத்துக் கூட்டிட்டுப் போவாங்கங்கறதை மட்டும் சொல்றேன். இடது கால். லெஃப்ட் அவுட். அந்தப் பக்கத்து டீம்காரங்க, "நீ எங்க ஊர்ல பிறந்திருந்தா இப்போ காக்கி போட்டிருப்பே"ன்னு சொல்வாங்க.

திருவனந்தபுரத்துல வேலையும் கொடுத்து ஆடவும் வைக்கிற நிறுவனங்கள் அந்தக் காலத்துல பல உண்டு. அதுல ஒண்ணு. பேர் வேண்டாம், அன்னைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவங்க யாரும் இன்னைக்கு அங்கே இருக்கப் போறதில்லை. 1990 கடைசியில ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு அண்ணன் போனார். நானும் கூடப் போனேன், பூட்ஸ் பையைத் தூக்கறதுக்கு. குலசேகரத்துல பஸ் ஏறி, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை. ரெண்டு நாள் ஆட வச்சாங்க. முதல் நாள் முடிவுல இருபத்திரண்டு பேரை நிறுத்திக்கிட்டாங்க, அண்ணன் அதுல இருந்தார். ரெண்டாம் நாள் மத்தியானம் ஒரு ஆள் மேஜை போட்டு உட்கார்ந்து சான்றிதழ் பார்த்தார். ஸ்கூல் சர்டிபிகேட்டையும் ரேஷன் கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, கோபமா எல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாவே கேட்டார்: "இது தமிழ்நாடல்லே?"

ஆமாம்னு அண்ணன் சொன்னார். அவர் பேரை எழுதிக்கலை. அவ்வளவுதான் நடந்தது. யாரும் திட்டலை, யாரும் ஏமாத்தலை. அங்கே உள்ளவங்க வேலை அங்கே உள்ளவங்களுக்கு. அதுல தப்புச் சொல்ல முடியாது. ஆனா எங்க தாத்தா பிறந்தது திருவிதாங்கூர்ல. எங்க அப்பா பள்ளிக்கூடம் போனது திருவிதாங்கூர்-கொச்சியில. வீடு நகரலை, ஆறு நகரலை, கோடு நகர்ந்தது. சரி, தமிழ்நாட்டுப் பக்கம் போயிருக்கலாமேன்னு கேட்பீங்க. போலீஸ், வங்கி, மின்வாரியம்னு அங்கேயும் டீம்கள் இருந்தது. ஆனா அவங்க ஆள் பார்க்கிற மைதானம் மெட்ராஸ்ல இருந்தது. திற்பரப்புல ஒரு இடது கால் இருக்குன்னு அவங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எங்களுக்கும் அங்கே யார் கதவைத் தட்டணும்னு தெரியாது. திரும்பி வர்ற பஸ்ல அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒண்ணும் பேசலை. களியக்காவிளையில இறங்கி எனக்கு ஒரு போஞ்சி வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கலை.

இப்போ அந்த 199 புரியுதா? தொடர்ல பிரேடியை எடுத்த அந்த நாள் வரும்போது, அண்ணன் பார்த்தது கடைசி இடம் இல்லை. ஒரு பட்டியல்.

ஆச்சரியம் என்னன்னா, அதுக்கப்புறமும் அவர் கேரளா டீமை விடலை. 1992 சந்தோஷ் டிராபி ஃபைனல் கோயம்புத்தூர்ல. தமிழ்நாட்டு மண்ணுல! நாகர்கோவில்ல இருந்து ராத்திரி பஸ் பிடிச்சுப் போனார். நேரு ஸ்டேடியம் காலரி முழுக்கப் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த மலையாளிகள். பக்கத்துல இருந்தவர், "எவிடெயா வீடு?"ன்னு கேட்டப்போ அண்ணன் கூசாம, "திருவனந்தபுரம்"னு சொன்னாராம். கேரளா 3, கோவா 0. பத்தொன்பது வருஷம் கழிச்சு கோப்பை. கேப்டன் சத்யன் கோப்பையைத் தூக்கினப்போ காலரியே அழுதுச்சு, நானும் அழுதேன்னு இப்பவும் சொல்வார். அந்த இருபதில யாருக்கும் தெரியாது, பக்கத்துல அழுறவன் தமிழ்நாட்டுக்காரன்னு.

சரி, தொடருக்கு வர்றேன். ஒரு ரசிகனா என் கருத்து என்னன்னு கேட்டா, முதல் மூணு பகுதி அருமை, அதுக்கப்புறம் எனக்குக் கோபம் வந்துகிட்டே இருந்தது. 2003, 2004 பட்டங்களை ஓட்டமா ஓட்டிட்டாங்க. ஒளிஞ்சு வீடியோ எடுத்த வழக்கு, பந்துல காத்து குறைச்ச வழக்கு, இதுக்கெல்லாம் நீண்ட நேரம். கோச் பெலிசெக் கேமரா முன்னாடி உட்கார்ந்து ரெண்டு வார்த்தையில பதில் சொல்றார், அவர் மௌனமா இருக்கிற இடத்துல எல்லாம் மத்தவங்க அவரைப் பத்திப் பேசுறாங்க. முதலாளி கிராஃப்ட் நிதானமா, அப்பா மாதிரி, எல்லாத்துக்கும் விளக்கம் சொல்றார். டீம் தன்னோட சொந்தக் காட்சிக் கிடங்கைத் திறந்து கொடுத்து எடுத்த படம் இது. கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்கோ கதை அவர் பக்கம் சாயத்தானே செய்யும்? அந்த டீமோட பழைய வீரர்கள் சிலரே, கோச்சுக்கு இது அநியாயம், நாங்க சொன்ன நல்லதெல்லாம் வெட்டிட்டாங்கன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. நம்ம மெய்க்கீர்த்திகளைப் படிக்கிறப்போ நாம என்ன செய்வோம்? இதை யார் வெட்டச் சொன்னது, யார் பேர் விடுபட்டிருக்குன்னு பார்ப்போம் இல்லையா, அதே கண்ணோடதான் இதையும் பார்க்கணும்.

ஆனா ஒரு இடத்துல நான் அந்தப் படத்துக்குத் தலை வணங்கறேன். மால்கம் பட்லர் கதை. கோழி வறுத்து விக்கிற கடையில வேலை பார்த்த பையன். டிராஃப்ட்ல 199 இல்லை, எந்த எண்ணுமே கிடைக்காதவன். 2015 பிப்ரவரி சூப்பர் பவுல்ல கடைசி நொடிகள்ல, கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னாடி எதிரியோட பந்தைப் பாய்ஞ்சு பிடிச்சுக் கோப்பையைக் காப்பாத்தினான். மூணு வருஷம் கழிச்சு, 2018 ஃபைனல்ல, அதே பையனைத் தடுப்பாட்டத்துக்கே இறக்காம வெளியே உட்கார வச்சார் பெலிசெக். 41-33-ன்னு தோத்தாங்க. ஏன் உட்கார வச்சீங்கன்னு கேட்டா கோச் பதில் சொல்லலை. அண்ணன் அந்தப் பகுதி முழுக்க அசையாம பார்த்தார். "காரணம் சொல்லிட்டு இருத்தியிருந்தா அவன் தாங்கியிருப்பான்லே"ன்னார்.

கேரளா போலீஸ் வம்சம் முடிஞ்ச விதம் இதைவிடச் சத்தமில்லாதது. சண்டை இல்லை, வழக்கு இல்லை. கல்கத்தா பணம் வந்தது. விஜயன் 91-ல மோகன் பகான் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார், அப்புறம் பஞ்சாப்ல ஜே.சி.டி., பிறகு எஃப்.சி. கொச்சின். சத்யனும் கல்கத்தா போய் வந்தார். 1996-ல தேசிய லீக் தொடங்கினது. வருஷம் பூரா நாடு முழுக்க ஆடுற லீக். அதுக்கு வேண்டிய பணமும் ஆள் மாத்துற சுதந்திரமும் அரசு டீம்களுக்குக் கிடையாது. போலீஸ், வங்கி, ரயில்வேன்னு துறை டீம்கள் ஒவ்வொண்ணா ஓரம் போச்சு. எஃப்.சி. கொச்சின் 1997-ல டுராண்ட் கோப்பை ஜெயிச்சு அமர்க்களமா வந்து, சில வருஷத்துல காணாமலும் போச்சு. தனியார் பணம் வந்தா எல்லாம் சரியாயிடும்னு அன்னைக்குப் பேசினவங்களை நினைச்சா எனக்கு இப்பவும் எரிச்சல் வரும்.

சத்யன் 1995-ல சென்னைக்கு வந்தார், இந்தியன் வங்கி டீமுக்கு. அதே வருஷம் மெட்ராஸ்ல நடந்த தெற்காசியப் போட்டியில இந்தியா தங்கம் வாங்கினப்போ அந்த டீமுல இருந்தார். முழங்கால் அவரை விடலை. 2006 ஜூலை 18-ம் தேதி பல்லாவரத்துல ரயில் பாதையில இறந்துபோனார். வயசு 41. நான் அப்போ சென்னையிலதான் வேலை பார்த்தேன். தினமும் அந்த லைன்லதான் எலெக்ட்ரிக் ட்ரெயின். பல்லாவரம் ஸ்டேஷனை எத்தனை நூறு தடவை தாண்டியிருப்பேன். என் பதினஞ்சு வயசுக் கதாநாயகன் பதினோரு வருஷமா அதே ஊர்ல இருந்தார், ஒரு நாள் போய்ப் பார்க்கணும்னு எனக்குத் தோணினதில்லை. செய்தி எனக்கு அண்ணன் போன்லதான் வந்தது. "லே, நம்ம கேப்டன் போயிட்டார்"னு மட்டும் சொன்னார். அவர் ஏன் போனார்ங்கறதுக்கு ஒரு வரியில காரணம் சொல்ற ஆட்களை எனக்குப் பிடிக்காது, நானும் சொல்லப் போறதில்லை.

2018-ல மலையாளத்துல 'கேப்டன்' படம் வந்தது, பிரஜேஷ் சென் இயக்கம், ஜெயசூர்யா சத்யனா நடிச்சார். நல்ல படம்தான். விஜயனைப் பத்தி 98-லேயே செரியன் ஜோசப் 'காலோ ஹரின்'னு ஒரு ஆவணப்படம் எடுத்தார். ஒண்ணு சோகம், ஒண்ணு அதிசயம். ஆனா அந்த டீம்? திரும்பிப் பார்த்தா, காக்கியைக் கழட்டாம இருந்தவங்க அமைதியா மேலே போயிருக்காங்க. பாப்பச்சன் அதிகாரியா ஓய்வு பெற்றார். ஷரஃப் அலி 2023-ல கேரள விளையாட்டுக் கவுன்சில் தலைவரானார். விஜயன்கூடப் பிறகு போலீஸுக்கே திரும்பி, 2025 ஏப்ரல்ல ஓய்வு பெற்றார், அதே வருஷம் பத்மஸ்ரீ. சோடா வித்த பையனுக்குக் கடைசியில கைகொடுத்தது கல்கத்தாவும் இல்லை, கொச்சின் கம்பெனியும் இல்லை, அந்தப் பழைய நியமன உத்தரவுதான். இதைப் படம் எடுத்தா யார் பார்ப்பாங்க? ஒரு மனுஷன் முப்பது வருஷம் ஒழுங்காச் சம்பளம் வாங்கினார்ங்கறதுல எங்கே கிளைமாக்ஸ் வைக்கிறது? ஆனா எனக்கு அந்தப் படம்தான் வேணும். பயிற்சி முடிஞ்சு பாரக்ஸ்ல துணி துவைக்கிற காட்சியோட தொடங்கணும்.

பத்தாவது பகுதி முடியறப்போ வெளியே மழை விட்டிருந்தது. அண்ணன் முற்றத்துல இறங்கி வானத்தைப் பார்த்தார், நாளைக்கு வெட்டு இருக்குமான்னு. பிறகு திரும்பி வந்து கேட்டார்:

"அந்த நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது கடைசில எங்க போனான்?"

"தம்பா பேன்னு ஒரு ஊரு அண்ணா. போன முதல் வருஷமே அங்கேயும் கோப்பை வாங்கிக் கொடுத்தான்."

"வேலை பெர்மனன்ட் ஆக்கினாவளா?"

"இல்லண்ணா. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். அஞ்சு கோடி டாலர்."

"கான்ட்ராக்டா"ன்னு சொல்லி உதட்டைப் பிதுக்கிட்டு, திண்ணையில சாய்ச்சு வச்சிருந்த குடையை எடுத்துக்கிட்டு இறங்கிப் போனார்.